மாலை வகுப்புக்கு அரச உதவி



தோப்பூரில் காசு கொடுத்து ரியூசனுக்கு அனுப்ப இயலாத கூலித்தொழிலாளியின் பிள்ளை, ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சையில் பின்தங்கலாமா? ஊரிலேயே மாலை வகுப்பு நடத்த அரச உதவி கேட்பது பிச்சையல்ல, உரிமை. ஆயினும் கேட்கும் முறை ஒன்றுண்டு.

நம் பழைய பாடசாலைகளை நினைத்துப் பாருங்கள். 1960ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தால் அரசு பொறுப்பேற்கும் வரை, அவற்றுட் பல அரச நன்கொடை பெற்றே நடந்தன. அந்நன்கொடையோடு வரவுப் பதிவேடும் பரிசோதகரின் மேற்பார்வையும் சேர்ந்தே வந்தன. தேவை இருந்தால் மட்டும் போதாது, ஒழுங்கும் வேண்டும்.

ஆகவே, முதலில் ஒன்றுகூடுங்கள். தனியாள் மனுவைவிட, பதிவுள்ள கிராம அபிவிருத்திச் சங்கத்தின் மனுவுக்கே வலு அதிகம். சங்கத்தின் பெயரில் வங்கிக் கணக்குத் திறவுங்கள். எத்தனை பிள்ளைகள், எந்த நாட்கள், எந்த இடம், ஆசிரியருக்கும் புத்தகத்துக்கும் எவ்வளவு செலவு என்று தெளிவாக எழுதுங்கள். கிராம உத்தியோகத்தரைக் கலந்துகொண்டு, மூதூர் பிரதேச செயலகத்தில் மனுவைக் கொடுங்கள். பிரதி ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். பணம் கிடைத்தால் ஒவ்வொரு சதத்துக்கும் பற்றுச்சீட்டு இருக்கட்டும். அடுத்த ஆண்டு உங்களுக்காகப் பேசப்போவது அதுவே.

அரச பணம் எல்லாருடைய வரிப்பணம். முஸ்லிம், இந்து, கிறிஸ்தவப் பிள்ளைகள் ஒரே பாயில் அமரட்டும். பணம் வரும்வரை காத்திராதீர்கள். படித்த இளைஞர் இருவரும் ஒரு விளக்கும் போதும், இன்றே தொடங்கலாம். நடக்கும் வகுப்பைக் காட்டிக் கேட்பவருக்கு இல்லை என்பது கடினம்.