மலைப்பாதை ஓட்டமும் உடம்புச் சூடும்



நம் இளைஞர்களில் நிறைய பேர் இப்போது காட்டுப்பாதை ஓட்டத்துக்குப் பெயர் கொடுக்கிறார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் பயிற்சின்னா எத்தனை கிலோமீட்டர் ஓடினோம்னு மட்டும்தான் பேசுகிறோம். நல்ல காலணி தேடிப் பத்துக் கடை ஏறி இறங்குகிறோம். ஓடும்போது உடம்பில் சேரும் சூட்டை எப்படி வெளியேற்றுவது என்று கேட்பவர் குறைவு. வெயிலில் மலை ஏறி ஓடுபவரைச் சாய்ப்பது பல சமயம் அந்தச் சூடுதான். உயிரைக்கூட அது எடுத்துவிடும்.

1. குதிரைகளோடு ஓடியவர்

கலிபோர்னியாவின் சியரா நெவாடா மலையில் 1955 முதல் டெவிஸ் கப் என்ற குதிரைப் பந்தயம் நடக்கிறது. 100 மைல், அதாவது சுமார் 161 கிலோமீட்டரை 24 மணி நேரத்துக்குள் கடக்க வேண்டும். 1974-இல் கோர்டி ஐன்ஸ்லி என்பவர் குதிரை இல்லாமல் தன் காலாலேயே ஓடி, 23 மணி 42 நிமிடத்தில் முடித்தார். அன்று வெயில் 40 டிகிரியைத் தாண்டியது. அந்த ஓட்டத்திலிருந்துதான் இன்று உலகம் அறிந்த வெஸ்டர்ன் ஸ்டேட்ஸ் ஓட்டம் பிறந்தது.

டெவிஸ் கப்பில் வழி நெடுகக் கால்நடை மருத்துவர்கள் இருப்பார்கள். குதிரையை நிறுத்தி நாடித் துடிப்பைப் பார்ப்பார்கள். துடிப்பு இறங்காவிட்டால் குதிரை அங்கேயே நிற்க வேண்டியதுதான். வெஸ்டர்ன் ஸ்டேட்ஸிலும் பல வருடங்கள் ஓட்டக்காரர்களை வழியில் நிறுத்தி எடை பார்த்தார்கள். நம்மை இப்படி நிறுத்திப் பார்க்க எல்லா இடத்திலும் ஆள் இருக்காது. அதனால் நாமே பார்க்கத் தெரிந்திருக்க வேண்டும்.

2. ஒரு சின்னக் கணக்கு

நான் பொறியியல் மாணவன். கணக்குப் போட்டால்தான் எனக்கு மனசு ஒப்பும். 60 கிலோ எடையுள்ள ஒருவர் 10 கிலோமீட்டர் ஓடினால் ஏறக்குறைய 600 கிலோகலோரி செலவாகும். அதில் முக்கால் பங்கு, சுமார் 450, வெறும் சூடாகவே மாறுகிறது. அவர் உடம்பை 1 டிகிரி சூடாக்க 50 கிலோகலோரி போதும். அந்தச் சூடு முழுவதும் உள்ளேயே தங்கினால் உடம்பு வெப்பம் 9 டிகிரி ஏறும். 37-உடன் 9-ஐக் கூட்டிப் பாருங்கள். 40-ஐத் தாண்டினாலே ஆபத்து!

நம்மைக் காப்பாற்றுவது வியர்வை. 1 லிட்டர் வியர்வை ஆவியானால் சுமார் 580 கிலோகலோரி சூடு வெளியேறும். ஆக, அந்த 450-ஐ வெளியேற்ற 800 மில்லிலிட்டர் ஆவியாக வேண்டும்.

“ஆவியாக” என்ற சொல்லைக் கவனியுங்கள். கலிபோர்னியாவின் காற்று வறண்டது, வியர்வை சீக்கிரம் காயும். நம்ம ஊர்க் காற்றிலோ ஈரப்பதம் அதிகம். சொட்டுச் சொட்டாகத் தரையில் விழும் வியர்வை நம்மைக் குளிர்விப்பதில்லை. அங்கே 40 டிகிரி, இங்கே 32 தானே என்று அலட்சியமாக இருக்க முடியாது.

3. ஏற்றத்தில் ஏன் நடக்க வேண்டும்?

சமதரையில் வேகமாக ஓடும்போது எதிர்க்காற்று உடம்பைக் குளிர்விக்கும். ஏற்றத்தில் வேகம் பாதியாகக் குறையும், காற்றும் குறையும். ஆனால் தசைகள் அதே அளவு, சில நேரம் அதைவிட அதிகமாக, உழைக்கின்றன. சூடு வேகமாக ஏறும் இடம் இதுதான். அனுபவசாலிகள் செங்குத்தான ஏற்றத்தில் நடப்பதைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். பேச முடியாத அளவுக்கு மூச்சு வாங்கினால் நடங்க. ஓடை வந்தால் தொப்பியை நனைச்சுக்கோங்க.

4. தண்ணீர்: குறைவும் தப்பு, அதிகமும் தப்பு

2002-இல் பாஸ்டன் மாரத்தான் ஓடிய 488 பேரின் இரத்தத்தைச் சோதித்தார்கள். அதில் 13 விழுக்காட்டினருக்கு இரத்தத்தில் உப்புச்சத்து குறைந்திருந்தது. ஓட்டத்தின்போது எடை கூடியவர்களுக்கே, அதாவது அளவுக்கு மீறிக் குடித்தவர்களுக்கே, அந்த ஆபத்து அதிகமாக இருந்தது. தாகத்துக்குக் குடியுங்கள். பயிற்சிக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். கூடியிருந்தால் அதிகமாகக் குடித்திருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

இன்னொன்று. உடம்பு வெயிலுக்குப் பழக 10 முதல் 14 நாள் ஆகும். நாள் முழுக்க ஏர்கோன் வகுப்பில் உட்கார்ந்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை மட்டும் மலை ஏறினால் பழகாது.

5. நண்பன் தடுமாறினால்

கூட ஓடுபவர் உளறினாலோ, தள்ளாடினாலோ, வழக்கத்துக்கு மாறாகக் கோபப்பட்டாலோ உடனே நிறுத்துங்கள். வியர்வை வழிகிறதே என்று ஏமாற வேண்டாம். வியர்வை இருக்கும்போதே வெப்ப வாதம் வரும். ஒருவர் 999-க்கு அழைக்கட்டும். மற்றவர்கள் அவரைக் குளிர்ந்த நீரில் கழுத்துவரை இறக்கி, தலையைத் தாங்கிப் பிடித்துக்கொள்ளுங்கள். ஆழமான நீர் இல்லையென்றால் விடாமல் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை கையைக் கட்டி நிற்காதீர்கள். முதலில் குளிர்விப்பது, பிறகுதான் மருத்துவமனைக்குக் கொண்டுபோவது. ஒவ்வொரு நிமிடமும் முக்கியம்.

பதக்கம் அடுத்த வருடமும் கிடைக்கும். கூட வந்தவரை விட்டுவிட்டு ஓடி வாங்கும் பதக்கம் நமக்கு வேண்டாம்.

கலந்துரையாட:
1. உங்கள் எடைக்கு மேலே உள்ள கணக்கைப் போட்டுப் பாருங்கள். எவ்வளவு வியர்வை ஆவியாக வேண்டும்?
2. உங்கள் குழு வழக்கமாக ஓடும் பாதையில் தண்ணீர் எங்கே இருக்கிறது? கைப்பேசி அலைவரிசை எங்கே கிடைக்காது?
3. “நீ நில்” என்று நண்பனிடம் சொல்ல உங்களில் யாருக்குத் தைரியம் இருக்கிறது? சொன்னால் அவர் கேட்பாரா?