கரண்டா, லேசரா?

கம்பத்திலிருந்து கம்பம்மெட்டு ஏறும் ஏலக்காய்த் தோட்ட ஜீப்பானாலும் சரி, கொல்லங்கோட்டு டீக்கடையானாலும் சரி, கதிர்வீச்சு சிகிச்சைக்குப் பேர் ஒன்றுதான்: கரண்ட். “அவருக்குக் கரண்ட் வெச்சாங்க” என்றதும் கேட்பவர் முகம் வாடும். “லேசர்ல எடுத்துட்டாங்க” என்றால் அதே முகம் தெளியும். கரண்ட் வைத்தால் நோய் முற்றிவிட்டது, லேசர் என்றால் நவீன வைத்தியம். தொண்டைப் புற்றுநோயின் தொடக்க நிலையில் இந்தக் கணக்கு தப்பு.

குரல்நாணோடு நின்றுவிட்ட சிறிய கட்டிக்கு இரண்டுமே முதல்தரச் சிகிச்சைகள். முதல் கட்டத்தில், எந்த வழியில் போனாலும் 10 பேரில் ஏறத்தாழ 9 பேருக்கு அந்த இடத்தில் நோய் கட்டுப்பட்டுவிடுகிறது. குரல்நாணில் நிணநீர்க் குழாய்கள் மிகக் குறைவு என்பதால் நோய் கழுத்துக்குப் பரவுவதும் அபூர்வம். கட்டி கடுகளவு இருக்கும்போதே குரல் கம்மிக் காட்டிக்கொடுத்துவிடும். அந்த எச்சரிக்கையைச் சுக்குக் கஷாயத்திலும் பனங்கற்கண்டிலும் மாதக்கணக்கில் கரைப்பவர்கள்தான் அதிகம். மூன்று வாரம் தாண்டிய கம்மலைக் காது மூக்கு தொண்டை மருத்துவர் பார்த்தாக வேண்டும்.

“லேசரும் கதிர்தானே?” அல்ல. லேசர் ஒளியாலான கத்தி. 1972-இல் பாஸ்டனில் ஸ்ட்ராங், யாக்கோ என்ற மருத்துவர்கள் குரல்வளையில் அதைப் பயன்படுத்தியதை எழுதினார்கள். மயக்க மருந்து கொடுத்து, வாய் வழியே குழாய் செலுத்தி, நுண்ணோக்கியில் பார்த்தபடி கட்டியை அறுத்தெடுப்பார்கள். வெளியே தழும்பு இருக்காது. கரண்ட் என்கிறார்களே, அதில் மின்சாரம் பாய்வதில்லை. வெளியிலிருந்து எக்ஸ்ரே போன்ற கதிர் விழுகிறது. விழும்போது வலிக்காது, பிற்பாடுதான் தொண்டை புண்ணாகும். வீடு திரும்பியவர் பேரக்குழந்தையைத் தாராளமாகத் தூக்கலாம், அவர் உடம்பில் கதிர் தங்குவதில்லை.

“லேசர் என்றால் குரல் பத்திரம்” என்பதுதான் எல்லாவற்றிலும் பெரிய மயக்கம். ஆழமாக அறுக்க நேர்ந்தால் நாண்கள் சேராமல் இடைவெளி விழுந்து, குரல் காற்றடிக்கும். பின்லாந்தில் நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து நடத்தி, 2014-இல் வெளியான ஆய்வில், மொத்தக் குரல்தரம் இரு பிரிவிலும் ஏறக்குறைய சமம். காற்றடிப்பது மட்டும் லேசர் பிரிவில் கூடுதல். இரண்டு வருடம் கழித்து, குரல்கம்மலால் அன்றாடச் சங்கடம் குறைவு என்று சொன்னவர்கள் கதிர்வீச்சு பெற்றவர்கள். முதலமடை மாங்காய் மண்டியில் தொண்டை கிழிய ஏலம் கூவுகிறவர் இதை யோசித்தாக வேண்டும்.

எல்லோருக்கும் லேசர் எட்டுவதுமில்லை. வெற்றிலை பாக்கும் பான்மசாலாவும் போட்டு வாய் இறுகியவருக்கு, மூன்று விரல் அகலம்கூட வாய் திறக்காதவருக்கு, குழாயே உள்ளே போகாது. இரு நாண்களும் முன்பக்கம் சேரும் மூலையில் கட்டி இருந்தாலும் சிக்கல்.

கேரள முன்னாள் முதல்வர் உம்மன் சாண்டி 2022 நவம்பரில் பெர்லினின் சாரிட்டே மருத்துவமனையில் லேசர் அறுவை செய்துகொண்டார். அதைக் காட்டி ‘லேசர்தான் உசத்தி’ என்பதும், 2023 ஜூலையில் அவர் காலமானதைக் காட்டி ‘லேசர் வீண்’ என்பதும் ஒன்றுபோலத் தவறு. 79 வயதில், ஏற்கெனவே சில ஆண்டுகளாகத் தொண்டை உபாதையோடு இருந்தவரின் கதை அது.

லேசரின் பலம் வேறிடத்தில் இருக்கிறது. ஓரிரு நாளில் வீடு. நோய் திரும்பினால் மறுபடியும் செய்யலாம், கதிர்வீச்சும் கையிருப்பில் இருக்கும். முழு அளவு கதிர்வீச்சு வாங்கிய இடத்தில் பொதுவாக இன்னொரு முறை கொடுக்க மாட்டார்கள். நோய் திரும்பினால் சிலருக்குக் குரல்வளையையே எடுக்க நேரிடும். நாற்பது வயதுக்காரருக்கு இது கனமான விஷயம்.

அப்புறம் பஸ். கதிர்வீச்சு வாரம் 5 நாள், ஐந்தரை முதல் 7 வாரம். வாளையாறுக்காரருக்குக் கோவை பக்கம்; போய்வரலாம். வண்டிப்பெரியாறில் கொழுந்து கிள்ளுகிறவருக்கு அத்தனை நாள் கூலியும் போகும். கோட்டயத்திலோ மதுரையிலோ தங்க உறவுக்காரர் வீடு உண்டா என்பதையும் மருத்துவரிடம் சொல்லிவிட்டுத்தான் சிகிச்சையை முடிவு செய்யவேண்டும்.