கல்லும் பொன்னும் கைத்திறனும்

நுழையும்முன்

நகையை அணிந்தவரை உலகம் அறியும். அதனை ஆக்கிய கைகளை அறிவது அரிது. பரதநாட்டிய மேடையில் செவ்வொளி வீசும் கோவில் நகைகளுக்குப் பின்னே தலைமுறைகளின் அறிவு மறைந்திருக்கிறது. அவ்வறிவையும் அது எதிர்கொள்ளும் நெருக்கடியையும் இப்பாடம் எடுத்துரைக்கிறது.

தொன்மை மரபு

அணிகலன் ஆக்கத்தில் தமிழர் பெற்றிருந்த தேர்ச்சி மிகப் பழமையானது. நொய்யல் ஆற்றங்கரையிலுள்ள கொடுமணலில் நிகழ்ந்த அகழாய்வுகள், அங்குச் சூதுபவளம், பளிங்கு முதலிய கற்களிலிருந்து மணிகள் செய்யப்பட்டதை மெய்ப்பிக்கின்றன. சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதை, மதுரை மணிக்கடை வீதியைக் கூறுமிடத்து மணிகளின் இயல்புகளையும் குற்றங்களையும் வகைப்படுத்துகிறது. தஞ்சைப் பெரிய கோவில் கல்வெட்டுகள், இறைவனுக்கு அளிக்கப்பட்ட நகைகளின் எடையையும் அவற்றில் பதித்த கற்களின் எண்ணிக்கையையும் துல்லியமாகக் குறிக்கின்றன.

வடசேரிப் பட்டறைகள்

இம்மரபின் தொடர்ச்சியை நாகர்கோவிலின் ஒரு பகுதியான வடசேரியில் இன்றும் காணலாம். தெய்வத் திருமேனிகளுக்கென உருவான இந்நகைகள், பின்னர் நாட்டியக் கலைஞர்க்கும் மணமகளிர்க்கும் உரியவையாயின. சூரியப்பிரபை, சந்திரப்பிரபை, நெற்றிச்சுட்டி, இராக்கொடி, சடைநாகம், அட்டிகை, வங்கி, ஒட்டியாணம் எனத் தலைமுதல் இடைவரை அணியும் வகைகள் இங்கு உருவாகின்றன.

முதலில் வெள்ளித் தகட்டை வடிவத்திற்கேற்ப வெட்டுவர். ஒவ்வொரு கல்லுக்கும் உரிய சிறுகூட்டை மெல்லிய வெள்ளிப் பட்டையால் அமைத்துப் பற்றவைப்பர். கூட்டினுள் அரக்கை நிரப்பி, அதன்மேல் சிவந்த கெம்புக் கல்லை அமர்த்துவர். பின்னர், கல்லைச் சுற்றித் தங்க ரேக்கை வைத்து அழுத்தி இறுக்குவர். அழுத்தம் மிகுந்தால் கல் உடையும். குறைந்தால் நெகிழ்ந்து விழும். இவ்வளவினை எந்த நூலும் கற்பிக்க இயலாது. விரல்களே அதனை அறியும்.

மொழியில் பதிந்த தொழில்

பொன்னை உரசி அதன் மாற்றினை அறிய உதவும் உரைகல், உண்மையைச் சோதிக்கும் அளவுகோலுக்கு உவமையாயிற்று. மாசற்ற பண்பினரைப் ‘பத்தரை மாற்றுத் தங்கம்’ என்று போற்றுகிறோம். நகையின் உறுப்புகளைப் பொடியிட்டு, ஊதுகுழலால் ஊதி இணைக்கும் வழக்கிலிருந்தே ‘பொடிவைத்துப் பேசுதல்’ என்னும் தொடர் தோன்றியது என்பர். பட்டறை மறைந்தால், இச்சொற்கள் பொருளின் வேரை இழந்த வெற்றொலிகளாகிவிடும்.

காக்கப்பட வேண்டியது எது?

நாகர்கோவில் கோவில் நகைகள், 1999ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ்ப் புவிசார் குறியீடு பெற்றுள்ளன. பிற இடங்களில் செய்தவற்றை இப்பெயரில் விற்பதை அக்குறியீடு தடுக்கிறது. ஆயினும், அச்சில் வார்த்துப் பொன்முலாம் பூசிய மலிவான நகைகள் சந்தையில் நிறைந்துள்ளன. நாட்கணக்கில் உழைத்துச் செய்யும் நகை, அவற்றின் விலையோடு போட்டியிட இயலவில்லை. வருவாய் குன்றுவதால் இளையோர் வேறு தொழில்களை நாடுகின்றனர். வாழ்வுக்கு வழிதேடும் அவர்களைக் குறைகூறுவது முறையன்று. உழைப்புக்கேற்ற ஊதியம் கிட்டாத தொழிலில் அவர்களைத் தங்கியிருக்கச் சொல்லும் உரிமை எவர்க்கும் இல்லை.

சட்டம் பெயரைக் காக்கும். கைத்திறனைக் காப்பது சமூகத்தின் கடமை. பழைய நகையொன்றை அருங்காட்சியகத்தில் பேணலாம். ஆனால், அதனைச் செய்யும் அறிவைக் கண்ணாடிப் பேழையில் வைக்க முடியாது; அது கையிலிருந்து கைக்கு மாறினால்தான் உயிர்வாழும். கைவினையையும் கல்வியென மதித்து, வினைஞர்க்கு உரிய விலையை வழங்கும்போது அம்மரபு நிலைபெறும்.

கற்பவை கற்றபின்…

1. உங்கள் ஊரிலுள்ள கைவினைஞர் ஒருவரைச் சந்தித்து, அவர்தம் தொழிற்கருவிகளின் பெயர்களைத் தொகுத்து அகரவரிசைப்படுத்துக.
2. ‘சட்டம் பெயரைக் காக்கும், கைத்திறனைக் காப்பது சமூகத்தின் கடமை’ – இக்கூற்றினை ஒட்டியும் வெட்டியும் வகுப்பில் கலந்துரையாடுக.