கிடங்கும் கணக்கும்

ஒரே கடையை நடத்தும் வணிகனுக்குக் கணக்கேடு பெரிதும் வேண்டுவதில்லை. கடையின் நடுவே நின்று ஒரு முறை சுற்றிப் பார்த்தால், அரிசி எத்தனை மூட்டை உளது, எண்ணெய் எவ்வளவு எஞ்சியிருக்கிறது, பண்டிகைக்கு முன்னர் எதை வாங்கி வைத்தல் வேண்டும் என்பன யாவும் அவனுக்கு விளங்கிவிடும். கடை பத்தாகி, பத்து நூறாகும்பொழுது நிலைமை மாறுகிறது. பொருளைக் கண்ணால் காண்பவன் ஒருவன். அதனை விற்பவன் வேறொருவன். மேலும் வாங்க வேண்டுமா என்று முடிவு செய்பவனோ நூறு கல் தொலைவில் இருக்கும் மற்றொருவன். இம்மூவரையும் இணைப்பது கணக்கு ஒன்றே.

மூலப்பொருள் விளையும் நிலத்தில் தொடங்கி, ஆலை, கிடங்கு, வண்டி, கடை ஆகியவற்றைக் கடந்து, வாங்குவோர் கையைச் சேரும்வரை ஒரு பண்டம் செல்லும் வழியை வழங்கல் சங்கிலி என்பர். இச்சங்கிலியின் கணக்கு முழுவதையும் கணிப்பொறியில் ஓரிடத்தே வைத்து நடத்துவதற்கென எழுதப்பட்டவை நிறுவன மென்பொருள்கள். அவை செய்யும் வேலை யாது என்பதை ஓர் எடுத்துக்காட்டால் அறியலாம்.

ஒரு மிட்டாய் ஆலைக்கு 500 பெட்டிகள் வேண்டும் என்று ஆணை வருகிறது. பண்டிகைக்கு இன்னும் 30 நாள்கள் உள்ளன. கிடங்கில் இருப்பவை 300 பெட்டிகள் என ஏடு கூறுகிறது. எஞ்சிய 200 பெட்டிகளைப் புதிதாகச் செய்தல் வேண்டும். ஒரு பெட்டிக்கு 2 கிலோ சர்க்கரை எனின், 400 கிலோ தேவை. இருப்பு 150 கிலோ. ஆகவே வாங்க வேண்டுவது 250 கிலோ. மிட்டாய் செய்ய 4 நாளும், கடைகளுக்கு அனுப்ப 3 நாளும் ஆகும். எனவே, 23 நாள்களுக்குள் எல்லாப் பொருளும் ஆலைக்கு வந்து சேர்தல் வேண்டும். சர்க்கரை 5 நாளில் கிடைத்துவிடும். அதற்கு அவசரம் இல்லை. ஆனால், மேலே சுற்றும் வண்ணத்தாள் வந்து சேர 20 நாள் ஆகும். அதனை இன்னும் மூன்றே நாளில் வரவழைக்க எழுதியாக வேண்டும். இத்தகைய கணக்குகளை ஆயிரக்கணக்கான பண்டங்களுக்கு நொடிப்பொழுதில் செய்து, இன்றே எழுத வேண்டிய ஆணைகளை மென்பொருள் எடுத்துக் காட்டுகிறது.

மாணவர்களே, மேலே கூறிய கணக்கின் முதல் வரியை மீண்டும் நோக்குங்கள். 300 பெட்டிகள் என்று ஏடு கூறியது. கிடங்கில் உண்மையில் இருப்பவை 250 பெட்டிகளே எனின் என்ன ஆகும்? கூட்டலும் கழித்தலும் சிறிதும் பிழையின்றி நடக்கும். ஆயினும் விடை பயன்படாது. கணிப்பொறி கிடங்கினுள் எட்டிப் பார்ப்பதில்லை. அதற்குச் சொல்லப்பட்டதே அதற்குத் தெரியும்.

வணிகத்தில் கணிப்பொறியைப் புகுத்திய முதல் நிறுவனம் பெரிய இயந்திரசாலையாக இருந்திருக்கும் என்று நாம் எண்ணக்கூடும். அப்பெருமை இங்கிலாந்தில் தேநீர்க் கடைகள் நடத்திய லயன்ஸ் நிறுவனத்திற்கு உரியது! அதன் அலுவலர் இருவர் 1947ஆம் ஆண்டில் அமெரிக்கா சென்று, போர்க்காலத்தில் தோன்றிய மின்னணுக் கணிப்பொறியைப் பற்றி அறிந்தனர். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்திலேயே அத்தகைய பொறி ஒன்று உருவாகி வருகிறது என்பதையும் அங்கேதான் கேள்வியுற்றனர். நிறுவனம் அப்பல்கலைக்கழகத்திற்கு 3,000 பவுன் உதவியது. பின்னர், அங்குள்ள பொறியைப் பின்பற்றித் தானும் ஒன்றைக் கட்டியது. ‘லியோ’ என்னும் அப்பொறி ஏறத்தாழ 6,000 வெற்றிடக் குழல்களைக் கொண்டது. 1951ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் அது அடுமனைக் கணக்கை ஏற்று நடத்தத் தொடங்கிற்று.

கடைகளுக்குச் சரக்கு அனுப்பும் வேலையை லியோவிடம் ஒப்படைத்தது 1954இல். அம்முறை இன்றும் கற்கத்தக்கது. அதற்கு முன்னர்க் கடையை மேற்பார்வை செய்த பெண்மணிகள், மறுநாளைக்கு வேண்டிய ரொட்டி, கேக் முதலியவற்றை நாள்தோறும் நீண்ட படிவத்தில் எழுதி அனுப்பி வந்தனர். படிவத்தை விரைவாகப் படிப்பது எப்படி என்று ஆராய்வதோடு நிறுவனத்தார் நின்றிருக்கலாம். அவர்களோ, வேலையின் இயல்பையே உற்று நோக்கினர். ஒரு கடையின் திங்கட்கிழமைத் தேவை வாரத்திற்கு வாரம் பெரிதும் மாறுவதில்லை. ஆகவே, வாரத்தின் ஒவ்வொரு நாளுக்கும் உரிய வழக்கமான அளவு முன்னரே குறித்து வைக்கப்பட்டது. தலைமை அலுவலகப் பெண்கள் பிற்பகலில் ஒவ்வொரு கடையையும் தொலைபேசியில் அழைத்து, “இன்று மாற்றம் ஏதும் உண்டா?” என்று மட்டும் கேட்பர், கூறப்பட்ட மாற்றத்தை அப்பொழுதே அட்டையில் துளையிடுவர். லியோ அவற்றைக் கூட்டி, எந்தக் கடைக்கு எவ்வளவு கட்ட வேண்டும் என்னும் பட்டியலை அச்சிட்டுத் தரும். தேவையை நன்கு அறிந்தவர் கடையில் நிற்கும் பெண்மணியே; அவர் வாய்ச்சொல் அன்றாடம் கணக்கினுள் புகுந்தது. பொறியின் விரைவைக் காட்டிலும் இதனையே நான் பெரிதாகக் கருதுகிறேன்.

காலப்போக்கில், ஒவ்வொரு நிறுவனமும் தனக்கெனத் தனியே மென்பொருள் எழுதிக்கொள்ளும் நிலை குறைந்தது. ஐ.பி.எம். நிறுவனத்திலிருந்து விலகிய பொறியாளர் ஐவர், 1972ஆம் ஆண்டில் ஜெர்மனியில் எஸ்.ஏ.பி. என்னும் நிறுவனத்தைத் தொடங்கினர். எந்த நிறுவனத்திற்கும் பொருந்துமாறு மாற்றிக்கொள்ளத்தக்க மென்பொருளை ஆக்கி விற்பது அவர்தம் தொழில்.

அதனை வாங்கியோருள் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் உள்ள ஹெர்ஷி சாக்லேட் நிறுவனமும் ஒன்று. 1996இல் அது தன் பழைய கணக்கு முறைகளை அடியோடு மாற்ற முற்பட்டது. ஆண்டினை ஈரிலக்கத்தால் மட்டும் குறித்துவந்த பழைய மென்பொருள்கள் 2000ஆம் ஆண்டு பிறந்ததும் தடுமாறும் என்ற அச்சம் அக்காலத்தில் உலகெங்கும் இருந்தது. அதனால், 48 திங்கள் வேண்டும் என்று மதிப்பிடப்பட்ட பணியை 30 திங்களில் முடிக்கத் துணிந்தனர். மேலும், கணக்கு, திட்டமிடல், வாடிக்கையாளர் தொடர்பு ஆகியவற்றுக்கு மூன்று நிறுவனங்களின் மென்பொருள்களைத் தேர்ந்து, அவற்றை ஒருங்கே புகுத்தினர். ஏப்ரலில் தொடங்க எண்ணிய பணி தாமதமாகி, 1999 ஜூலையில் தொடங்கிற்று. சிறுவர் மாறுவேடம் பூண்டு வீடுதோறும் சென்று மிட்டாய் பெறும் ஹாலோவீன் திருநாள் அக்டோபர் 31இல் வருவது. அதற்கான ஆணைகள் குவியத் தொடங்கும் வேளை அதுவே. நடவு நாளில் ஏரை மாற்றுவார் உண்டோ?

விளைவு எளிதில் ஊகிக்கத்தக்கதே. கிடங்குகளில் மிட்டாய் நிறைய இருந்தது. கேட்ட கடைகளுக்கு அதனை அனுப்ப இயலவில்லை. சுமார் 10 கோடி டாலர் பெறுமான சரக்கு உரிய காலத்தில் சென்று சேராது என்று நிறுவனத் தலைவர் செப்டம்பரில் அறிவித்தார். அந்தக் காலாண்டின் ஆதாயம் முந்திய ஆண்டைவிட 19 விழுக்காடு குறைந்தது. ஏறத்தாழ 11 கோடியே 20 லட்சம் டாலர் செலவில் அமைத்த முறை அது!

இதனைப் பின்னர் ஆராய்ந்தோர் கூறும் காரணங்களுள் ஒன்று என் மனத்தைக் கவர்ந்தது. பண்டிகைக் காலத்தில் சரக்கு மிகும்பொழுது, கிடங்கில் இடம் போதாமல், ஆலையின் வெற்று அறைகளிலும் வாடகை இடங்களிலும் அதனை அடுக்கி வைப்பது அங்கு வழக்கமாம். எந்த அறையில் என்ன உளது என்பது பழைய பணியாளர்க்குத் தெரியும். புதிய மென்பொருளுக்கு அவ்வறைகள் இருப்பதாகவே எவரும் கூறவில்லை. கண்முன்னே மிட்டாய் இருந்தும், கணக்கில் அது இல்லாத பொருளாயிற்று. 2002இல் அந்நிறுவனம் மென்பொருளைப் புதுப்பித்தபொழுது, முன்கூட்டியே பலவாறு சோதித்து, வகுத்த செலவுக்குள் தடையின்றி முடித்தது.

கிடங்கின் உண்மையைக் கணக்கிற்கு உடனுக்குடன் உணர்த்த இன்று கருவிகள் பல உள. 1974ஆம் ஆண்டு ஜூன் 26ஆம் நாள், ஒகையோ மாநிலத்து டிராய் நகரக் கடையொன்றில், சூயிங்கம் பொட்டலம் ஒன்றின்மீது இருந்த பட்டைக்கோடுகளை ஒளிக்கருவி முதன்முறையாகப் படித்தது. இன்று பெட்டி கிடங்கினுள் நுழையும்பொழுதும் வெளியேறும்பொழுதும் அக்கோடுகள் படிக்கப்படுகின்றன. எனினும், உடைந்து ஒதுக்கப்பட்ட பெட்டியும், தவறான தட்டில் ஏறிய பெட்டியும் கருவிக்குத் தெரியா. ஆதலின், நன்கு நடக்கும் கிடங்குகளில் ஆண்டிறுதிவரை காத்திராமல், நாளும் சில தட்டுகளை மட்டும் கையால் எண்ணி ஏட்டோடு ஒப்பிடுகின்றனர். வேறுபாடு காணின், பொருள் உடைந்ததா, களவு போயிற்றா, டஜன் கணக்கில் வந்ததை ஒற்றைக் கணக்கில் எழுதினரா என்று கிடங்குக் காப்பாளரை வினவுகின்றனர். காரணம் அறிந்த பின்னரே ஏட்டில் உள்ள எண்ணைத் திருத்துகின்றனர்.