உத்தியோகப் பேட்டிக்குப் போகுமுன்



நம் பாட்டன்மார் சிங்கப்பூருக்கு வந்த காலத்தில் பேட்டி என்ற ஒன்றை அறியார். ஊரிலிருந்து ஒரு கடிதம் வரும். "இன்னாருடைய மகன், யோக்கியன், கடையில் வைத்துக்கொள்ளவும்" என்று அதில் இரண்டு வரி இருக்கும். கப்பலிலிருந்து இறங்கியவர் மறுநாள் காலையில் கல்லாவுக்குப் பக்கத்தில் நின்று கொண்டிருப்பார். தஞ்சோங் பகாரிலும் சூலியா ஸ்திரீட்டிலும் நம்மவர் பலர் காலூன்றியது இந்த வழியில்தான். அவர்களுக்காகப் பேசப் பிறர் இருந்தனர். தமக்காகத் தாமே பேச வேண்டிய அவசியம் அவர்களுக்கு நேரவில்லை.

இன்று அந்தக் கடிதம் செல்லாது. முன்பின் அறியாத இரண்டு மூன்று பேர் முன்னிலையில் அரை மணி நேரம் உட்கார்ந்து, நான் யார், எனக்கு என்ன தெரியும், நான் எங்கே போக விரும்புகிறேன் என்பதை நாமே எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. இது நம் வீடுகளில் கற்பிக்கப்படாத பாடம். ஆகையால் இதைப் பற்றிச் சற்று விரிவாக எழுதுகிறேன்.

ஒரே பதில், இரண்டு முடிவு

என் மருமகன், அதாவது என் சகோதரியின் மகன், பல துறைத் தொழிற்கல்லூரியில் சரக்குப் போக்குவரத்து நிர்வாகம் படித்து டிப்ளோமா வாங்கியவன். தேசிய சேவையையும் முடித்தான். பிறகு ஐந்து இடங்களில் பேட்டிக்குப் போனான். ஐந்திலும் வேலை கிடைக்கவில்லை. ஒரு நாள் அவனை உட்கார வைத்து, கடைசிப் பேட்டியில் என்ன கேட்டார்கள் என்று விசாரித்தேன்.

"ஐந்து வருஷம் கழித்து எந்த நிலையில் இருக்க ஆசைப்படுகிறாய் என்று கேட்டார்கள், மாமா."

"நீ என்ன சொன்னாய்?"

"நீங்கள் எந்த வேலை கொடுத்தாலும் செய்வேன் என்று சொன்னேன்."

எனக்குத் திடுக்கிட்டது. ஏனெனில், என் இளவயதில் இதே பதிலைச் சொல்லித்தான் நான் ஓர் அலுவலகத்தில் கிராணி வேலை பெற்றேன். அன்று அது பணிவு என்று எடுத்துக்கொள்ளப்பட்டது. இன்று கேட்பவருக்கு அது வேறு விதமாகப் படுகிறது. 'இவனுக்கு நோக்கம் ஒன்றும் இல்லை. நாளை வேறிடத்தில் ஐம்பது வெள்ளி கூடக் கொடுத்தால் போய்விடுவான்' என்று அவர் நினைக்கிறார்.

உண்மையைச் சொன்னால், அந்தப் பதில் எனக்கும் முழு நன்மை செய்யவில்லை. அதே அலுவலகத்தில் மேலாளர் பதவி ஒன்று காலியானபோது, "உமக்கு என்ன விருப்பம்?" என்று என்னைக் கேட்டார்கள். "உங்கள் இஷ்டம்" என்றேன். மரியாதையாகப் பேசியதாக எனக்கு எண்ணம். பதவி, வேண்டும் என்று வாய் திறந்து கேட்டவருக்குப் போயிற்று. நான் பதினெட்டு வருஷம் ஒரே மேசையில் இருந்தேன். இதில் அவர்கள் மீது குற்றமில்லை. சொல்லாத விருப்பத்தை யார் அறிவார்?

ஆகவே பேட்டிக்குரிய முதல் பாடம், பேட்டிக்கு வெகு முன்பே தொடங்குகிறது.

1. குறிக்கோளை எழுதுக

ஒரு தாளில் மூன்று வரி எழுதுங்கள். பத்து வருஷத்தில் நான் எதுவாக இருக்க விரும்புகிறேன்? அதற்கு மூன்று வருஷத்தில் எங்கே இருக்க வேண்டும்? அதற்கு இந்த ஒரு வருஷத்தில் எதைக் கற்க வேண்டும்? மேலிருந்து கீழே இறங்கி வருவதே முறை.

என் மருமகன் இப்படி எழுதினான்: பத்து வருஷத்தில் ஒரு பெரிய கிடங்கின் முழுப் பொறுப்பாளன், மூன்று வருஷத்தில் சரக்கு வரவு செலவைத் திட்டமிடும் அதிகாரி, ஒரு வருஷத்தில் கணினியில் இருப்புக் கணக்கை நன்றாகக் கையாளவும், சுங்க அனுமதிப் பத்திரங்களின் நடைமுறையை அறியவும் வேண்டும். சிங்கப்பூரில் அந்தப் பத்திரங்கள் 1989 முதல் டிரேட்நெட் என்னும் மின்னியல் முறையில் செல்கின்றன. இதைப் படிக்காமல் அந்தத் தொழிலில் மேலே போக முடியாது என்று அவன் தானாகவே கண்டுகொண்டான்.

குறிக்கோள் கல்லில் வெட்டியதல்ல. வருஷத்துக்கு ஒரு முறை திருத்தலாம். நாற்பதைத் தாண்டிய பெரியவர்களும் இதைத் தங்களுக்கில்லை என்று விட்டுவிட வேண்டாம். ஸ்கில்ஸ்ஃபியூச்சர் திட்டத்தில் 25 வயதும் அதற்கு மேலும் ஆன பிரஜைகளுக்கு 2016-இல் 500 வெள்ளி கல்விக்கென வழங்கப்பட்டது. 2024 மே மாதத்தில் 40 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு மேலும் 4,000 வெள்ளி வரவு வைக்கப்பட்டது. நம்மில் எத்தனை பேர் அதைத் தொடாமலே வைத்திருக்கிறோம்!

2. கடை வேலையை மறைக்காதீர்

இது எல்லாவற்றிலும் முக்கியமானது. மருமகனின் விண்ணப்பத்தை வாங்கிப் பார்த்தேன். படிப்பு இருந்தது, தேசிய சேவை இருந்தது, மூன்று மாதப் பயிற்சி வேலை இருந்தது. ஆனால் பதினான்கு வயது முதல் அவன் அத்தாவின் சாப்பாட்டுக் கடையில் நின்றானே, அது ஒரு வரி கூட இல்லை.

"அதைப் போய் எழுதுவதா, மாமா? மங்கு கழுவினேன் என்றா எழுதுவது?" என்றான்.

அவன் முகத்தைப் பார்த்தபோது, அந்தக் கடையைப் பற்றி அவனுக்குள் ஒரு வெட்கம் இருப்பதை அறிந்தேன். இவ்வெட்கம் நம் பிள்ளைகள் பலருக்கு உண்டு. சில்லறைக் கடை, பணம் மாற்றும் கடை, புத்தகக் கடை, தேநீர்க் கடை ஆகியவற்றின் வருவாயில் படித்தவர்கள், படிப்பு முடிந்ததும் அந்தக் கடையை மறைக்கிறார்கள்.

"மங்கு மட்டும்தான் கழுவினாயா?" என்று கேட்டேன். பேச்சுக் கொடுக்கக் கொடுக்க விஷயம் வெளிவந்தது. வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வரும் கூட்டத்துக்குக் கோழிக் கறி போதாமல் போகும், திங்கட்கிழமை மிஞ்சும். அவன் ஆறு வாரம் ஒரு கணக்குப் புத்தகத்தில் நாள்தோறும் எத்தனை தட்டுப் போயிற்று என்று குறித்தான். பிறகு எந்த நாளில் எவ்வளவு கோழி வாங்குவது என்று அத்தாவுக்கு ஒரு பட்டியல் போட்டுக் கொடுத்தான். வெள்ளிக்கிழமை பற்றாக்குறை நின்றது. திங்கட்கிழமை வீணாவது குறைந்தது. கிடங்கு நிர்வாகம் என்று கல்லூரியில் படித்ததும் இதுதானே!

இதைப் பேட்டியில் சொல்வதற்கு ஓர் ஒழுங்கு உண்டு. நான்கு படிகளாகச் சொல்ல வேண்டும்: நிலைமை என்ன, என் பொறுப்பு என்ன, நான் செய்தது என்ன, பலன் என்ன. "நான் கடுமையாக உழைப்பேன்" என்று பத்து முறை சொல்வதை விட, இப்படி ஒரு சம்பவத்தை இரண்டு நிமிஷத்தில் சொல்வது மேல். தேசிய சேவையிலிருந்து ஒன்று, படிப்பிலிருந்து ஒன்று, கடையிலிருந்தோ சங்கத் தொண்டிலிருந்தோ ஒன்று என மூன்று சம்பவங்களைத் தயாராக வைத்திருங்கள். கேள்வி எப்படித் திரும்பினாலும், மூன்றில் ஒன்று பெரும்பாலும் பொருந்தும். ஆனால் பொய் ஒன்றையும் சேர்க்க வேண்டாம். துருவிக் கேட்டால் இரண்டாவது கேள்வியிலேயே பொய் சாயம் போய்விடும்.

3. போகும் இடத்தை அறிக

நிறுவனம் என்ன செய்கிறது, யாருக்கு விற்கிறது, அத்தொழிலில் இப்போது என்ன மாற்றம் நடக்கிறது என்பதை முன்கூட்டியே படிக்க வேண்டும். உதாரணமாக, சரக்குத் துறையில் வேலை தேடுபவன் துவாஸ் துறைமுகம் 2022 செப்டம்பரில் அதிகாரபூர்வமாகத் திறக்கப்பட்டதையும், கொள்கலன் வேலை முழுவதும் 2040-களில் அங்கே ஒன்றுசேர இருப்பதையும் அறிந்திருக்க வேண்டும். நம் முன்னோர் பார்த்த தஞ்சோங் பகார் துறைமுகத்திலிருந்து கொள்கலன் வேலை முன்பே இடம் மாறிவிட்டது. இதை அறிந்தவன் "உங்கள் கிடங்கு துவாஸுக்கு மாறுமா?" என்று ஒரு கேள்வி கேட்பான். அந்த ஒரு கேள்வி அவனைப் பத்துப் பேரிலிருந்து பிரித்துக் காட்டும்.

4. பேட்டி நாள்

முதல் நாளே வழியைப் பார்த்து வைத்து, பதினைந்து நிமிஷம் முன்னதாகச் சேருங்கள். சட்டை புதிதாக இருக்க வேண்டியதில்லை. தேய்த்ததாக இருக்க வேண்டும். "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்றால் பிறந்த கதை வேண்டாம். இப்போது என்ன தகுதி, எதைச் செய்து காட்டினேன், இந்த வேலை என் குறிக்கோளோடு எப்படிப் பொருந்துகிறது என்று மூன்று பகுதியாகச் சொல்லி நிறுத்துங்கள். ஆங்கிலத்தில் தடுமாறுகிறவர்கள் வேகத்தைக் குறைத்துச் சிறு சிறு வாக்கியமாகப் பேசினால் போதும். கேள்வி விளங்கவில்லையானால் திரும்பக் கேட்பதில் குறைவில்லை.

கணினித் திரை வழியாகப் பேட்டி என்றால், வெளிச்சம் முகத்தில் விழும்படி அமருங்கள். வீட்டிலுள்ளவர்களிடம் முன்னதாகச் சொல்லி வையுங்கள். பின்னால் யாரும் நடமாட வேண்டாம்.

5. ஜும்ஆவைப் பற்றி எப்போது பேசுவது?

இதில் நம் பிள்ளைகள் இரண்டு தவறு செய்கிறார்கள். சிலர் முதல் பேச்சிலேயே நிபந்தனை போலச் சொல்கிறார்கள். சிலர் பயந்து மறைத்துவிட்டு, வேலையில் சேர்ந்த முதல் வெள்ளிக்கிழமை திண்டாடுகிறார்கள். இரண்டும் வேண்டாம். அலுவலகத்துக்கு அருகில் எந்தப் பள்ளிவாசல், நடக்க எத்தனை நிமிஷம் என்பதை முதலில் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். பேட்டியின் முடிவிலோ, வேலை தருகிறோம் என்று அவர்கள் சொன்ன பிறகோ, "வெள்ளிக்கிழமை ஒரு மணியை ஒட்டி எனக்குத் தொழுகை உண்டு, உணவு நேரத்தை அதற்கு எடுத்துக்கொண்டு, கூடுதலாகும் நேரத்தை அன்று மாலையே ஈடு செய்துவிடுகிறேன்" என்று தெளிவாகச் சொல்லுங்கள். ஏற்பாட்டோடு வரும் வேண்டுகோளை நல்ல முதலாளி மறுப்பது அரிது.

சகோதரிகளுக்கு ஒரு சொல். பொதுச் சுகாதாரத் துறையில் தாதியர் முக்காடு அணிந்து பணிபுரிய 2021 நவம்பர் முதல் அனுமதி இருக்கிறது. மதம், இனம் முதலிய காரணங்களால் வேலையில் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கும் வேலையிட நியாயச் சட்டம் 2025 ஜனவரியில் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. ஆகையால் தலை குனிந்து பேச வேண்டியதில்லை.

6. சம்பளப் பேச்சு

"பார்த்துக் கொடுங்கள்" என்பது பதிலல்ல. மனிதவள அமைச்சு தொழில் வாரியாகச் சம்பள விவரங்களை வெளியிடுகிறது. அதைப் பார்த்து, இன்ன தொகையிலிருந்து இன்ன தொகை வரை என்று சொல்லுங்கள். கைக்கு வருவது எவ்வளவு என்றும் கணக்கிடுங்கள். 55 வயது வரையுள்ளவருக்கு மத்திய சேமநிதிக்குத் தொழிலாளி 20 சதவிகிதமும் முதலாளி 17 சதவிகிதமும் செலுத்துகிறார்கள். 2,500 வெள்ளிச் சம்பளத்தில் 500 சேமநிதிக்குப் போய் 2,000 கைக்கு வரும். முதலாளி மேலே 425 போடுவார். வேலையில் சேர்ந்த 14 நாட்களுக்குள் முக்கிய வேலை விதிமுறைகளை எழுத்து மூலம் பெறுவது உங்கள் உரிமை. வாய்வார்த்தையை நம்பி இருந்துவிடாதீர்.

7. பேட்டிக்குப் பின்

அன்றிரவே, என்ன கேட்டார்கள், எதில் தடுமாறினேன் என்று எழுதி வையுங்கள். மறுநாள் நன்றி கூறி நாலு வரி அனுப்புங்கள். கிடைக்கவில்லையானால், எதில் குறை என்று பணிவாகக் கேட்கலாம். சிலர் பதில் சொல்வார்கள். ஐந்து முறை தோற்றவன் ஐந்து வினாத்தாளைப் பார்த்தவன். எழுதி வைத்தால் அது லாபம். எழுதாவிட்டால் ஐந்தும் நஷ்டம்.

என் மருமகனும் நானும் இரண்டு வாரம் இரவில் ஒத்திகை பார்த்தோம். ஆறாவது பேட்டியும் தவறிற்று. ஏழாவதில் கோழிக் கணக்கைச் சொன்னான். கேட்டுக்கொண்டிருந்தவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, அந்தக் கணக்குப் புத்தகம் இன்னும் இருக்கிறதா என்று கேட்டாராம். வேலை கிடைத்தது. சம்பளம் அவன் கேட்டதில் கொஞ்சம் குறைவுதான். ஆனால் அவன் எழுதிய ஏணியின் முதல் படி அது.

செய்தியைச் சொல்லக் கடைக்குப் போனோம். மச்சான் கல்லாவில் இருந்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நம்ம கடையப் பத்தியா அங்கே சொன்னே?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். "ஆமாம், அத்தா" என்றான். அவர் ஒன்றும் பேசவில்லை. உள்ளே போய், அந்தப் பழைய கணக்குப் புத்தகத்தை எடுத்து, எண்ணெய்க் கறையைத் துடைத்து, கல்லா மேசையின் மேல் வைத்தார்.

பயிற்சி

1. உங்கள் பத்து வருஷ, மூன்று வருஷ, ஒரு வருஷக் குறிக்கோளை மூன்று வரியில் எழுதுக.

2. உங்கள் குடும்பத் தொழிலில் நீங்கள் செய்த ஒரு காரியத்தை நிலைமை, பொறுப்பு, செயல், பலன் என நான்கு படியில் சொல்லிப் பார்க்க.

3. "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்பதற்கு இரண்டு நிமிஷ விடை தயாரித்து, வீட்டுப் பெரியவர் ஒருவர் முன் பேசிக் காட்டுக.

4. "எந்த வேலையானாலும் செய்வேன்" என்பதற்குப் பதிலாக, பணிவும் நோக்கமும் ஒருங்கே தோன்றும் ஒரு வாக்கியம் அமைக்க.

5. நீங்கள் விரும்பும் ஒரு நிறுவனத்திடம் கேட்கத் தகுந்த இரண்டு கேள்விகள் எழுதுக.

பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள்: நான்காவது பயிற்சியை நீங்களும் செய்து பாருங்கள்.