உசிலை இலையும் உயிரிரக்கமும்

தருமபுரியினின்று சேலம் செல்வோர் தொப்பூர்க் கணவாயைக் கடப்பர். இப்பகுதியின் வறண்ட காடுகளுக்குரிய மரங்களுள் ஒன்று உசிலை. இதன் இலையை நிழலில் உலர்த்தி இடித்த பொடியே அரப்பு. எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் நாளில் நம் முன்னோர் இதனையே பயன்படுத்தினர்.

இலையிலுள்ள சப்போனின் என்னும் பொருள் நீரில் நுரைத்து, எண்ணெய்ப் பசையையும் அழுக்கையும் அகற்றுகிறது. தோல் இயல்பாகச் சிறிதளவு அமிலத்தன்மை உடையது, அதன் பி.எச். அளவு ஏறத்தாழ 5. சோப்புக்கட்டியின் அளவோ 9 முதல் 10 வரை. இக்காரம் மிகுந்தால் தோல் வறளும்.

மேலும், அயல்நாட்டுச் சோப்புகள் சிலவற்றின் உறையில் 'சோடியம் டாலோவேட்' என்றிருக்கும். அஃது ஆடுமாடுகளின் கொழுப்பினின்று செய்யப்பெறுவது. கொல்லாமை நோற்கும் இல்லறத்தார் உறையைப் படித்தறிந்து அதனை விலக்குதல் கடமையாகும்.

மரமும் ஓரறிவுயிரே என்பதை மறத்தலாகாது. கிளையை ஒடிக்காமல் தேவைக்கு மட்டும் இலை கொய்தால், அது மீண்டும் தழைக்கும். கிழங்கையும் வேரையும் அகழ்ந்து செய்யும் பூச்சுகளைவிட இலைப்பொடியில் இம்சை குறைவு.

அரப்பை நீரில் குழைத்து மெல்லத் தேய்த்துக் கழுவுக. கண்ணிற் பட்டால் எரியும். முதன்முறை பயன்படுத்துவோர் முழங்கையில் சிறிது தடவிப் பார்த்தல் நன்று. நம் உடலைத் தூய்மை செய்யும் பொருள் பிறவுயிரின் துன்பத்தால் ஆகாதிருத்தல் வேண்டும்.