சால்மனை எண்ணுவது யார்?

அன்புள்ள தம்பிக்கு,

அமெரிக்காவின் கொலம்பியா நதியில் சால்மன் மீட்பைப் பற்றி நீ எழுதிய நீண்ட கட்டுரையைப் படித்தேன். செலிலோ அருவி மூழ்கும் பத்தியை மட்டும் வீட்டில் இருந்தவர்களைக் கூப்பிட்டு வாய்விட்டுப் படித்துக் காட்டினேன். 1957 மார்ச் 10 அன்று டால்ஸ் அணையின் கதவுகள் மூடப்பட்டன. ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகப் பழங்குடிகள் மீன்பிடித்த அருவி சில மணி நேரத்தில் ஏரிக்கு அடியில் போனது. இதைக் கண்ணீரோ புலம்பலோ சேர்க்காமல், எந்தப் பாறை முதலில் மறைந்தது, எது அடுத்தது என்று தண்ணீர் ஏறிய வரிசையிலேயே எழுதியிருக்கிறாய். ஓர் அணையைப் பற்றித் தமிழில் இவ்வளவு நல்ல பத்தியை நான் படித்ததில்லை. இதை முதலில் சொல்லாமல் மற்றதைப் பேசுவது நியாயம் ஆகாது.

இனி கோபத்துக்கு வருகிறேன். பான்வில் அணையைத் தாண்டி மேலே ஏறும் சால்மன்களின் எண்ணிக்கை 1990-களில் இருந்ததைவிடக் கூடியிருக்கிறது, ஆகவே மீட்புத் திட்டம் பலன் தருகிறது என்று கட்டுரையின் நடுவில் எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறாய். அந்த மீன்களில் ஆற்றில் பிறந்தவை எத்தனை, பொரிப்பகத் தொட்டியில் பிறந்தவை எத்தனை? கட்டுரை முழுக்கத் தேடினேன். எங்கும் இல்லை.

கொலம்பியாவுக்குத் திரும்பிவரும் சால்மன்களில் பெரும்பகுதி பொரிப்பகத்துப் பிள்ளைகள். குஞ்சுகளை ஆற்றில் விடுவதற்கு முன் பெரும்பாலானவற்றின் கொழுப்புத் துடுப்பை வெட்டிவிடுகிறார்கள். முதுகுத் துடுப்புக்கும் வாலுக்கும் இடையே துருத்திக்கொண்டிருக்கும் சிறு சதைத் துண்டு அது. அது இல்லையென்றால் பொரிப்பகத்து மீன். இருந்தால் பெரும்பாலும் ஆற்று மீன். பழங்குடிகள் நடத்தும் சில திட்டங்களில் குஞ்சுகளுக்குத் துடுப்பை வெட்டுவதில்லை என்பதால்தான் ‘பெரும்பாலும்’ என்கிறேன். அணையின் கண்ணாடிச் சன்னல் வழியாக எண்ணுகிறவர்கள் ஸ்டீல்ஹெட் மீனுக்கு இந்தத் துடுப்பைப் பார்த்துத் தனியாகக் குறிக்கிறார்கள். சினூக் சால்மனுக்கு அப்படிப் பிரிப்பதில்லை. நீ எடுத்தாண்ட எண் அந்தப் பிரிக்காத எண்.

2023-ல் வில்லியம் ஜேகர், மார்க் ஷூரெல் என்ற இரு ஆய்வாளர்கள் பான்வில்லின் பல பத்தாண்டுக் கணக்கை எடுத்து அலசினார்கள். நாற்பது ஆண்டுகளில், பணவீக்கத்தையும் சேர்த்துப் பார்த்தால், 900 கோடி டாலருக்கு மேல் பொதுப்பணம் போயிருந்தது. பொரிப்பகங்கள் மொத்த எண்ணிக்கையை ஏற்றியிருந்தன. ஆற்றில் பிறந்த மீன் கூடியதற்கு அவர்களுக்கு ஆதாரம் கிடைக்கவில்லை. அந்த 900 கோடி உன் கட்டுரையில் இருக்கிறது, எண்ணிக்கை உயர்ந்ததும் இருக்கிறது. மூன்றாவதைச் சேர்த்திருந்தால் உன் முடிவே மாறியிருக்கும்.

இதை நுணுக்கவாதிகளின் சண்டை என்று தள்ளிவிடாதே. 2001-ல் ஓரிகன் கடற்கரைக் கோஹோ சால்மன் வழக்கில் நீதிபதி மைக்கேல் ஹோகன் ஒரு தீர்ப்புச் சொன்னார். பொரிப்பக மீனையும் ஆற்று மீனையும் ஒரே தொகுதியாக வகுத்துவிட்டு, ஆற்று மீனுக்கு மட்டும் அழியும் உயிரினச் சட்டத்தின் பாதுகாப்பைத் தருவது செல்லாது என்றார். அதன் பிறகு, பட்டியலில் இருந்த மற்ற சால்மன் தொகுதிகளையும் கூட்டாட்சி மீன்வளத் துறை மறுபடி பரிசீலிக்க வேண்டியதாயிற்று. எந்த மீனை எண்ணுவது என்ற கேள்விக்குள் ஒரு நதியின் சட்டப் பாதுகாப்பே அடங்கியிருக்கிறது.

ஐரோப்பியர் வருவதற்கு முன் இந்த நதிக்கு ஆண்டுதோறும் 1 கோடி முதல் 1.6 கோடி மீன்கள் வந்திருக்கும் என்பது வடமேற்கு மின்சாரத் திட்டக் கவுன்சிலின் மதிப்பீடு. 1980-களில் அது 25 லட்சம் அளவுக்குச் சுருங்கியிருந்தது. 1987-ல் அதை 50 லட்சமாக இரட்டிப்பாக்குவது என்று கவுன்சில் இலக்கு வைத்தது. அந்த இலக்கு இன்றுவரை எட்டப்படவில்லை.

இரண்டாவது குறை உன் எழுவாய். ‘அரசு நடவடிக்கை எடுத்தது’, ‘அரசு தவறியது’, ‘அரசு நிதி ஒதுக்கியது’ என்று பத்திக்குப் பத்தி வருகிறது. கொலம்பியாவில் அப்படி ஒரே ஆள் கிடையாது. அமெரிக்கக் காங்கிரசின் தணிக்கை அமைப்பான பொதுக் கணக்கு அலுவலகம் 2002-ல் எண்ணிப் பார்த்தபோது, சால்மனுக்குச் செலவழிக்கும் கூட்டாட்சி அமைப்புகள் மட்டும் 11. கொலம்பியாவில் வந்து சேரும் ஸ்நேக் நதியின் கீழ்ப்பகுதியில், கீழ் ஸ்நேக்கில், உள்ள நான்கு அணைகளை நடத்துவது ராணுவப் பொறியாளர் படை. கிராண்ட் கூலி அணை நீர்ப்பாசனப் பணியகத்தின் பொறுப்பு. இவற்றின் மின்சாரத்தை விற்பது பான்வில் மின்சார நிர்வாகம். சால்மன் திட்டங்களுக்குப் பெரும்பணம் தருவதும் அதே நிர்வாகம்தான், மின் கட்டணத்திலிருந்து. அணைகள் மீனை அழித்துவிடுமா என்று உயிரியல் கருத்துரை எழுதுவது மீன்வளத் துறை. இவற்றுக்குப் பக்கத்தில் வாஷிங்டன், ஓரிகன், இடாஹோ, மொன்டானா மாநிலங்கள் தலா இரண்டு உறுப்பினர்களை அனுப்பும் கவுன்சில், 1980-ன் மின்சாரச் சட்டம் உண்டாக்கியது. இவர்கள் எல்லோருக்கும் முன்பே, 1855-ல் ஒப்பந்தம் போட்டு மீன்பிடி உரிமையைத் தங்களிடமே வைத்துக்கொண்ட பழங்குடி தேசங்கள்.

இத்தனை பேரில் யார் தவறினார்கள் என்று வாசகனுக்குத் தெரிய வேண்டும் தம்பி. 1997 முதல் 2001 வரை அந்த 11 அமைப்புகளும் செலவழித்தது சுமார் 150 கோடி டாலர் என்று அதே தணிக்கை சொன்னது. அந்தச் செலவால் எத்தனை மீன் திரும்பியது என்று அளந்து சொல்லத் தீர்மானமான சான்று மிகக் குறைவு என்றும் சொன்னது. கணக்குப் பார்க்க ஆள் இருக்கத்தான் செய்தார்கள். யாருடைய கணக்கு என்று கேட்டால் ஒவ்வொருவரும் அடுத்தவரைக் காட்ட வழி இருந்தது. சீர்திருத்தத்தைப் பற்றி எழுதப் புறப்பட்ட கட்டுரை அந்த வழியை அடைக்க வேண்டும். உன் ‘அரசு’ அதைத் திறந்துவைக்கிறது.

கட்டுரையில் நீ தொடவே தொடாத ஒன்று உண்டு. என்னைப் பேசவிட்டால் இதில்தான் வந்து நிற்பேன் என்பது பழகியவர்களுக்குத் தெரியும்.

போர்ட்லண்டில் மீன் கடப்பு மையம் என்று ஒரு சிறிய அலுவலகம் இருக்கிறது. அணைகளைக் கடக்கும் மீன்களின் தரவைச் சேர்த்து, அலசி, யார் கேட்டாலும் தருவதுதான் அதன் வேலை. 2005 கோடையில் நீதிபதி ஜேம்ஸ் ரெட்டன், குஞ்சுகள் டர்பைனுக்குள் சிக்காமல் மதகு வழியாக இறங்க அணைகளில் நீரைத் திறந்துவிடும்படி உத்தரவிட்டார். மதகில் விழும் ஒவ்வொரு சொட்டும் மின்சாரமாக விற்கப்படாத சொட்டு. அந்த வழக்கில் மையத்தின் தரவு பயன்பட்டிருந்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் இடாஹோவின் செனட்டர் லேரி கிரெய்க், மையத்துக்கு இனிப் பணம் தரக் கூடாது என்ற வாசகத்தை ஒரு நிதி ஒதுக்கீட்டுக் குழு அறிக்கையில் சேர்க்கச் செய்தார். பான்வில் நிர்வாகமும் அதை ஏற்று மையத்தின் வேலைகளை வேறு கைகளுக்கு மாற்றக் கிளம்பியது. 2007 ஜனவரியில் ஒன்பதாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் குறுக்கே நின்றது. குழு அறிக்கையின் வாசகம் சட்டம் ஆகாது, அதை நம்பி நிர்வாகம் செய்தது தன்னிச்சையானது என்றது. மையம் பிழைத்தது.

மின்சாரம் விற்கிறவர் மீனுக்கும் பணம் தருகிறார். மீனை எண்ணுகிறவருக்கும் அவர்தான் பணம் தருகிறார். எண் பிடிக்காமல் போனால் எண்ணுகிறவரை நிறுத்திவிட முடியுமா என்று ஒருமுறை முயன்றும் பார்க்கப்பட்டது. மேற்பார்வையின் முழுக் கதையும் இதில் இருக்கிறது. இந்தச் சம்பவத்துக்கு உன் கட்டுரையில் ஒரு வரி இல்லை. சால்மன் குஞ்சைத் தின்னும் பைக்மின்னோ மீனைப் பிடித்துக் கொடுத்தால் தலைக்கு இவ்வளவு டாலர் என்று தூண்டில்காரர்களுக்குப் பரிசு தரும் திட்டத்துக்கும், குஞ்சுகளைக் கொத்தும் ஆலாப் பறவைகளை ரைஸ் தீவிலிருந்து கிழக்கு மணல் தீவுக்கு இடம்பெயர்த்த கதைக்கும் பக்கம் பக்கமாக இடம் கொடுத்திருக்கிறாய். சுவையாகத்தான் எழுதியிருக்கிறாய், மறுக்கவில்லை. 1996-ல் காங்கிரஸ் அந்த 1980-ன் மின்சாரச் சட்டத்தைத் திருத்தி 11 விஞ்ஞானிகள் கொண்ட சுதந்திர ஆய்வுக் குழுவை அமைத்ததை அதில் பாதி இடத்திலாவது சொல்லியிருக்கலாம். அந்தக் குழு ஒரு திட்டத்தைப் பற்றிச் சொல்லும் பரிந்துரையைக் கவுன்சில் ஏற்காவிட்டால், ஏன் ஏற்கவில்லை என்று எழுத்தில் விளக்கம் தர வேண்டும். இந்த நதியில் நடந்த சீர்திருத்தங்களில் நான் பெரிதும் மதிப்பது இதுதான்.

கொலம்பியாக் கரையில் கேஸ்கேட் லாக்ஸ் என்ற சிற்றூர் உண்டு. ‘தெய்வங்களின் பாலம்’ என்று பெயருள்ள இரும்புப் பாலத்துக்குக் கீழே பழங்குடி மீனவர்கள் ஐஸ் பெட்டிகளைத் திறந்துவைத்து மீன் விற்பார்கள். அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் அங்கே நிற்பது எனக்கு வழக்கமாயிருந்தது. ஒரு வயதான அம்மாள் மீனைக் கையில் எடுத்ததும் முதலில் அதன் முதுகின் பின்பக்கத்தைக் கட்டைவிரலால் தடவிப் பார்ப்பார். வாடிக்கையாளர் எடையைக் கேட்பார்கள், விலையைக் கேட்பார்கள். அவர் விரல் மட்டும் அந்தச் சதைத் துண்டைத் தேடிக்கொண்டிருக்கும். இருந்தால் முகம் ஒரு கணம் மாறும். ஒன்றும் சொல்ல மாட்டார். தாளில் சுற்றிக் கொடுத்துவிடுவார். அங்கிருந்து சில மைல் கீழே போனால் பான்வில் அணையின் கண்ணாடிச் சன்னல். பள்ளிப் பிள்ளைகள் கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு நிற்பார்கள். விலாங்கு போன்ற லாம்ப்ரேக்கள் வாயால் கண்ணாடியைக் கவ்வி ஒட்டிக்கொண்டிருக்கும். சினூக் ஒன்று நீரோட்டத்தை எதிர்த்து ஒரே இடத்தில் ஆடி நின்று, பிறகு சட்டென்று மேலே போய்விடும். பிள்ளைகள் கத்துவார்கள். நான் துடுப்பைப் பார்ப்பேன்.

ரெட்டனைப் பற்றிச் சொன்னேன். உன் கட்டுரையில் நீதிபதிகளே இல்லை. 2004-ன் உயிரியல் கருத்துரை அணைகளை ஆற்றோடு பிறந்தவை போல, பாதிப்புக் கணக்குக்கு வெளியே நிற்கும் பின்னணியாக எடுத்துக்கொண்டது. 2005-ல் ரெட்டன் அதைத் தள்ளினார். 2007-ல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அவர் பக்கம் நின்றது. அதற்கு முன் 2003-ல் ஒரு கருத்துரையையும், அதற்குப் பின் 2011-ல் இன்னொன்றையும் அவர் தள்ளினார். 2016-ல் நீதிபதி மைக்கேல் சைமன் அடுத்ததைத் தள்ளினார். இருபது ஆண்டுகளுக்கு மேல் இந்த நதியை உண்மையில் மேற்பார்வையிட்டது நீதிமன்றம். அது நல்லதற்கா என்று நீ விவாதித்திருக்கலாம். நீதிபதியால் தண்ணீரைத் திறக்கச் சொல்ல முடியும். அணையை எடுக்கப் பணம் ஒதுக்க முடியாது. இடாஹோவின் குடியரசுக் கட்சி உறுப்பினர் மைக் சிம்சன் 2021-ல் 3,350 கோடி டாலர் திட்டத்தோடு வந்து, கீழ் ஸ்நேக்கின் நான்கு அணைகளையும் உடைத்து, விவசாயிகளுக்கும் மின் நுகர்வோருக்கும் ஈடு கொடுப்போம் என்றார். அதை அவருடைய கட்சியே ஏற்கவில்லை.

ஏன் அந்த நான்கு அணைகள் என்று கேட்பவர்களுக்கு இடாஹோவின் ரெட்ஃபிஷ் ஏரியைச் சொல். கடலிலிருந்து சுமார் 900 மைல், அந்த நான்கும் சேர்த்து எட்டு அணைகள், 6,500 அடி உயரம். 1992-ல் அந்த ஏரிக்குத் திரும்பி வந்தது ஒரே ஒரு சாக்கை சால்மன், அதுவும் ஆண். ‘தனிமை லேரி’ என்று மக்கள் பெயர் வைத்தார்கள். 1991 முதல் 1998 வரை ஏரிக்கு வந்த 16 மீன்களைக் கொண்டுதான் அந்த இனத்தைத் தொட்டியில் வளர்த்துக் காப்பாற்றியிருக்கிறார்கள். பொரிப்பகத்தை நான் வெறுக்கிறேன் என்று நினைத்துவிடாதே. லேரியின் வம்சம் இன்று இருப்பது அதனால்தான். ஆனால் 2015 கோடையில் ஆறு சூடேறியபோது கொலம்பியாவில் சுமார் 2.5 லட்சம் சாக்கை மீன்கள் மாண்டன. தொட்டியில் காத்த மீனுக்கும் போய்ச் சேர ஆறு வேண்டும்.

2023 டிசம்பரில் பைடன் அரசாங்கம் நான்கு பழங்குடி தேசங்களோடும் வாஷிங்டன், ஓரிகன் மாநிலங்களோடும் 100 கோடி டாலருக்கு மேற்பட்ட உடன்பாட்டைச் செய்தது. வழக்குகள் நிறுத்திவைக்கப்பட்டன. 2025 ஜூன் 12 அன்று டிரம்ப் ஒரு குறிப்பாணையால் அதிலிருந்து விலகினார். வழக்கு மறுபடி நீதிமன்றத்துக்குப் போனது. அடுத்த கட்டுரையை இதைப் பற்றி எழுதப் போவதாகச் சொல்லியிருந்தாய். எழுது, நீ எழுதத்தான் வேண்டும். தொடங்கும்போது பான்வில்லை விட்டுவிட்டு மேலே, ஸ்நேக் நதியில், லோயர் கிரானைட் அணைக்குப் போ. அங்கே ஏறும் மீன்களில் ஒரு பகுதியைப் பிடித்து, செதிளும் மரபணு மாதிரியும் எடுத்து, ஆற்று மீன் எவ்வளவு, பொரிப்பக மீன் எவ்வளவு என்று கணித்து எழுதுகிறார்கள். கடலுக்குப் போன 100 குஞ்சுகளில் 2 முதல் 6 வரை திரும்ப வேண்டும் என்பது கவுன்சில் வைத்த அளவுகோல். ஸ்நேக்கின் ஆற்று சினூக் பெரும்பாலான ஆண்டுகளில் அந்த 2-ஐயே தொடுவதில்லை. முதல் பத்தியில் அந்த எண்ணை வை, அதற்கு எந்தத் துறை பொறுப்பு என்று பெயர் சொல்லி எழுது, அச்சுக்குப் போகும் முன் எனக்கு ஒரு பிரதி அனுப்பு.

அன்புடன்,
உன் அண்ணன்